மைனா மாற்றிச் சொன்ன சொல்

தாமரைக் குளத்தங்கரையில் பொன்னி என்றொரு மைனா இருந்தாள். காட்டோரப் பள்ளிக்கூடத்தின் கூரையில் உட்கார்ந்து ஆங்கிலம் கேட்டுக் கற்றவள். பாடத்தின் நடுவே ஈசல் கிளம்பினால் அவளும் கிளம்பிவிடுவாள். ஆனாலும் அந்தக் காட்டில் வேறு யாருக்கும் ஆங்கிலம் தெரியாது. அதனால் பொன்னிக்குத் தலை எப்போதும் நிமிர்ந்தே இருக்கும்.

அந்தச் சமயத்தில் ஒரு யானையார் அங்கே வந்து சேர்ந்தார். வெளிநாட்டு சர்க்கஸில் வளர்ந்தவர். நியாயஸ்தர் என்பதால் காட்டு வழக்குகளை அவரே தீர்த்தார். ஆனால் ஆங்கிலம் தவிர வேறு பேச்சு புரியாது; பொன்னிதான் மொழிபெயர்ப்பாள்.

ஒருநாள் முயல் வெள்ளச்சி காதில் ரத்தம் ஒழுக அவர்கள் முன் ஓடிவந்தாள். பின்னாலேயே நரியும் வந்தான். அவன் வாயிலும் ரத்தம்!

"மைனாக்கா! இவன் என்னைக் கடிச்சிட்டான்!" என்று அழுதாள் முயல்.

"பொய்! இவதான் என்னைக் கடிச்சா!" என்றான் நரி.

யார் யாரைக் கடித்தது என்று யானையார் ஆங்கிலத்தில் கேட்டார். நரி கடித்ததைப் பொன்னி கண்ணால் பார்த்திருந்தாள். சத்தம் கேட்டுக் கூடிய எல்லா மிருகங்களும் அவள் வாயையே பார்த்தன. பொன்னி நெஞ்சை நிமிர்த்தினாள்.

"ஷீ பிட் ஹிம்!"

அவ்வளவுதான். யானையார் முயலைத் தும்பிக்கையால் வளைத்துத் தூக்கினார். காட்டுக்கு வெளியே வீசப்போனார்!

"சபாஷ் மைனாக்கா! என்ன படிப்பு, என்ன அறிவு!" என்று நரி குதித்தான். ஒன்றும் புரியாமல் மற்ற மிருகங்களும் ஆரவாரம் செய்தன.

பொன்னிக்குப் பகீரென்றது. 'அவளை அவன் கடித்தான்' என்று சொல்ல நினைத்து, 'அவள் அவனைக் கடித்தாள்' என்றல்லவா ஆங்கிலத்தில் சொல்லிவிட்டோம்! இப்போது மாற்றிச் சொன்னால் ஊரே சிரிக்கும். வாயை மூடிக்கொண்டால் பெயர் கெடாது.

வெள்ளச்சியின் கால்கள் அந்தரத்தில் துடித்தன.

பொன்னி பாய்ந்து யானையாரின் நெற்றியிலேயே உட்கார்ந்தாள். "நோ! நோ! ஹீ பிட் ஹெர்!" என்று கத்தினாள். பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி, "நான் தப்பாச் சொல்லிட்டேன்! கடிச்சது நரிதான்!" என்றாள்.

யானையார் முயலை மெல்ல இறக்கினார். அடுத்த கணம் நரி புதர்களுக்கு மேலே பறந்துபோய் விழுந்தான். அந்தப் பக்கம் அவன் திரும்பவே இல்லை.

யாரும் சிரிக்கவில்லை. வெள்ளச்சி கண்ணீரோடு, "எங்க அக்கா!" என்றாள். எத்தனையோ கைதட்டல் கேட்ட பொன்னிக்கு, அந்த ஒரு சொல்லில்தான் நெஞ்சு நிறைந்தது.

தன் தவறு தெரிந்த உடனே எல்லார் முன்னும் அதைத் திருத்திக்கொள்பவரே உண்மையில் பெருமைக்கு உரியவர்.