காந்தள் கை தூக்கிய நாள்

அந்தக் காலத்தில், செடிகொடிகள் மனிதரோடு வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, மலையில் ஒரு வழக்கம் இருந்தது. கிழங்கு தோண்டப் போகிறவர்கள் முதலில் செடியின் முன் குந்தி, எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்க வேண்டும். வள்ளிக்கொடிக்கு வாய் ஓயாது. எடுத்துக்கொள், ஆனால் போன தடவை உன் மாமியார் என்னை என்ன பாடு படுத்தினாள் தெரியுமா என்று ஊர்க்கதை முழுக்கப் பேசிவிட்டுத்தான் விடும். காட்டுச்சேனை சிடுமூஞ்சி. அடுத்த மழைக்கு வா என்று ஒரே பேச்சில் துரத்திவிடும். எந்தச் செடியாவது பேசாமல் இருந்தால் சம்மதம் என்று பொருள். தோண்டி முடித்தபின் கிழங்கின் தலைத்துண்டைக் குழியிலேயே வைத்து மண் மூடிவிட வேண்டும்.

காந்தள் அப்போது முழங்கால் உயரம்கூட இல்லை. வெளிறிய பச்சைப் பூவைக் கவிழ்த்துக்கொண்டு புல்லுக்குள் ஒளிந்து கிடக்கும். அப்படி ஒரு கூச்சம் அதற்கு. தன் கிழங்கில் விஷம் இருப்பதைக்கூட அது யாரிடமும் சொன்னதில்லை. அதுவரை யாரும் அதைத் தேடி வந்ததுமில்லை.

மழை பொய்த்த ஓர் ஆண்டில் வள்ளியும் சேனையும் தீர்ந்துபோயின. ரங்கி என்பவள் பசியில் சுருண்ட மகள் மாதியை இடுப்பில் வைத்துக்கொண்டு மலையெல்லாம் அலைந்தாள். கடைசியில் புல்லுக்குள் காந்தளைக் கண்டு குந்தினாள். முறைப்படி கேட்டாள். காந்தள் வாய் திறக்கவில்லை. ரங்கி இன்னொரு தடவையும் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் தோண்டினாள்.

கிழங்கு வெள்ளையாக, நீளமாக, ஒரே குச்சியாக வந்தது. அவள் தோண்டுகோலைத் துடைத்துக்கொண்டிருந்த நேரத்தில் மாதி அதை எடுத்து ஒடித்துக் கடித்துவிட்டாள்.

பிள்ளையின் தொண்டை வெந்துபோயிற்று. வாந்தி நிற்கவில்லை. பிழைக்க மாட்டாள் என்றே குடியிருப்பில் எல்லாரும் சொன்னார்கள். மாதி பிழைத்தாள். ஆனால் குரல் போய்விட்டது. அம்மா என்றுகூட அவளால் சொல்ல முடியவில்லை. ரங்கி வாய்விட்டு அழுதாள்.

அந்தச் செடியை வேரோடு கொளுத்துங்கள் என்று ஊரே கொதித்தது. ரங்கியோ மிச்சத் துண்டை எடுத்துக்கொண்டு பழைய குழிக்குப் போனாள்.

"தோண்டினதைத் திருப்பி வைக்கணும். நல்ல கிழங்குக்கு மட்டும்தான்னு யாரும் சொல்லலையே" என்றாள் தடுத்தவர்களிடம்.

மண்ணை மூடும்போது உள்ளிருந்து மெல்லிய குரல் கேட்டது.

"நீ கேட்டப்போ பேச வெக்கமா இருந்துச்சு."

"உன் வெக்கம் என் புள்ளையோட பேச்சைத் தின்னுடுச்சு" என்றாள் ரங்கி.

மறு ஆண்டு மழை பெய்தது. காந்தள் மறுபடி முளைத்தது. யாராவது அந்தப் பக்கம் போனால் மாதி ஓடிப்போய் அவர்கள் சுண்டுவிரலைப் பிடித்து இழுப்பாள். அப்படியும் நிற்காவிட்டால் முன்னால் நின்று இரண்டு கையையும் மேலே தூக்குவாள். அதுதான் அவளுடைய பேச்சு. குடியிருப்பில் எல்லாருக்கும் அது புரியும்.

அடுத்த மலைக்காரி பொம்மிக்கு எப்படிப் புரியும்? அவள் ஒருநாள் தோண்டுகோலோடு வந்தாள். ஓடைக்கு அக்கரையில் இருந்த ரங்கி அதைப் பார்த்துவிட்டுக் கத்தினாள். வெள்ள இரைச்சலில் ஒன்றும் எட்டவில்லை. மாதி விரலைப் பிடித்து இழுத்தாள். விளையாடுகிறது பிள்ளை என்று சிரித்து உதறிவிட்டு, பொம்மி செடியின் முன் குந்திக் கேட்டாள். பதில் இல்லை. மேல்மண்ணைக் கிளறிவிட்டுக் கோலை ஓங்கினாள். மாதி முகம் சிவக்க, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு குறுக்கே நின்றாள்.

அப்போது அந்தச் செடி அசைந்தது.

அதன் இலை நுனிகள் நீண்டு சுருண்டு பக்கத்துப் புதரைப் பற்றின. பற்றிப் பற்றி அது ஏறியது. மாதியைத் தாண்டி, பொம்மியின் தலையையும் தாண்டிப் போயிற்று. கவிழ்ந்திருந்த பூக்களின் இதழ்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் மடங்கி மேலே எழுந்தன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பச்சை மஞ்சளாயிற்று. மஞ்சள் விளிம்பு நெளிந்து, அடுப்புத் தீயைப்போல் சிவந்தது. ஓர் இலை நுனி கீழே இறங்கி பொம்மியின் சுண்டுவிரலைச் சுற்றிப் பிடித்தது.

பொம்மி கோலைக் கீழே போட்டாள். கிளறிய மண்ணுக்குள், மாதி ஒடித்த இடத்திலிருந்து கிழங்கும் இரண்டு கையாய்ப் பிரிந்து கிடந்தது. ஓடையை நீந்தி மூச்சிரைக்க வந்த ரங்கிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அவள் கைகள் தானாகக் குவிந்தன. மாதி மட்டும் அண்ணாந்து பூக்களைப் பார்த்துச் சத்தமில்லாமல் சிரித்தாள். தன் பேச்சைப் பேச இன்னொருத்தி கிடைத்துவிட்டாள் அவளுக்கு.

அன்று முதல்தான் செங்காந்தள் இலை நுனியால் பற்றி ஏறி, தலை கவிழ்ந்த பூவிலும் சிவந்த கைகளைத் தூக்கியபடி நிற்கிறது. கிழங்கு தேடி வருகிறவர்களும் குறுக்கே ஒரு பிள்ளை நிற்பதுபோல் தயங்கி, கேட்காமலே விலகிப் போகிறார்கள்.