வணக்கம் சொல்லிவிட்டு வந்த சிறுத்தை

கருவேலங்குளத்தில் புள்ளிமான்கள் தண்ணீர் குடிக்கும்போது கரையில் நின்று காவல் பார்ப்பது வடிவின் வேலை. வடிவு ஓர் ஆள்காட்டிக் குருவி. மூக்கோரம் சிவப்பு, கால் மஞ்சள், தொண்டை மட்டும் வெண்கலம்.

யாராவது வந்தால் அவள் கத்துவாள். மான்கள் ஓடும். அதற்குக் கூலி உண்டு. ஆள்காட்டிக் குருவி மரத்தில் கூடு கட்டாது. வெறுந்தரையில், கூழாங்கற்களுக்கு நடுவே, கூழாங்கல் மாதிரியே முட்டை இடும். வடிவின் முட்டைகள் குளத்தங்கரையில் கிடந்தன. அந்தப் பக்கம் ஒரு மானும் குளம்பு வைக்காது. இதுதான் ஒப்பந்தம். வேலை போனால் அந்த இடமும் போய்விடும். முட்டைகளைத் தூக்கிக்கொண்டு வேறு இடம் பார்க்கவா முடியும்?

அவளிடமும் ஒரு குறை இருந்தது. அதை மறைப்பானேன்? சிறுத்தை வந்தாலும் அதே கத்தல்தான், சருகு பறந்தாலும் அதே கத்தல்தான். "கீக்கீ! கீக்கீக்கீ!"

ஒருநாள் மான்களின் தலைவர் கொம்பையா, பக்கத்துக் காட்டு மான்களிடம் தன் வீரத்தை அளந்துகொண்டிருந்தார். "நான் எதுக்கும் அஞ்சாதவன்..." என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் கத்தல் கேட்டது. ஒரே பாய்ச்சல்! முள்ளுப் புதருக்குள் விழுந்து, கொம்பு சிக்கித் தொங்கினார்.

வந்தது ஒரு பனைமட்டை. அதுவும் தானாக விழுந்த மட்டை.

விருந்தாளி மான்கள் சிரித்த சிரிப்பில் குளமே கலங்கியது.

"எது வருதுன்னு சேர்த்துச் சொல்லு, வடிவு." இந்த ஒரு வரியை அன்றைக்கே கொம்பையா அவளிடம் நேராகச் சொல்லியிருக்கலாம். கதை இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் தலைவர்கள் எங்கே நேராகப் பேசுகிறார்கள்? அவர் ஒரு நிபுணரைத் தேடினார்.

நிபுணர் குளத்திலேயே கிடைத்தார். பனிக்காலத்தில் வடக்கிலிருந்து பறந்து வரும் வரித்தலை வாத்து அவர். தலையில் கறுப்பாக இரண்டு கோடு. நடையில் அளவில்லாத நிதானம்.

"வடிவு, இவர் வரித்தலையார். இமயமலையைத் தாண்டி வந்தவர். உனக்குப் பேசப் பழக்குவார்" என்றார் கொம்பையா.

"மலையைத் தாண்டுறதுக்கும் பேசுறதுக்கும் என்ன சம்பந்தம், அண்ணாச்சி?"

"இமயமலையையே தாண்டினவர்கிட்ட சம்பந்தமா கேக்குறே?"

"மலை தாண்டினா சிறகுதானே வலுவா இருக்கும்? வாய் எப்படி..."

"பாத்தீங்களா சார்? இதைத்தான் சொன்னேன். எதுக்கெடுத்தாலும் வாதம்! வர்ற பௌர்ணமிக்கு மறுநாள் காலையில பரீட்சை. நீ தேறலைன்னா கரையைக் காலி பண்ணிரு. ஒரு கொக்கு ரொம்ப நாளா வேலை கேட்டு நிக்குது. வாயே திறக்காது. நல்ல பண்பு!"

வாயே திறக்காத காவலாளி! வடிவுக்குக் கேட்க ஆயிரம் கேள்வி இருந்தது. முட்டைகளைப் பார்த்தாள். அலகை மூடிக்கொண்டாள்.

வகுப்பு தொடங்கியது. வடிவுக்கு மட்டும் அல்ல, குளத்தில் உள்ள எல்லாருக்கும். மான்கள், முயல், தவளைகள் எல்லாம் வரிசையாக உட்கார்ந்தன. சேற்றில் கிடந்த எருமை பேச்சி மட்டும் எழுந்து வரவில்லை. கிடந்த இடத்திலிருந்தே கேட்டது.

"முதலில் புன்னகை!" என்றார் வரித்தலையார்.

வடிவு முயன்றாள். அலகை இப்படி வளைத்தாள், அப்படி வளைத்தாள்.

"சார், இது எலும்பு மாதிரி கெட்டி. எப்படி வளையும்?"

"மனம் வைத்தால் வளையும்! எதிர்மறை எண்ணத்தை விடு. சரி, ஒரு நாய் வருகிறது என்று வைத்துக்கொள். என்ன சொல்வாய்?"

"கீக்கீக்கீ!"

"சேச்சே! காது கிழிகிறது. முதலில் வணக்கம் சொல்ல வேண்டும். பிறகு நலம் விசாரிக்க வேண்டும். பிறகு ஒரு நல்ல செய்தி. அதற்குப் பிறகுதான் நாய். அதையும் நாய் என்று சொல்லக் கூடாது. 'ஒரு சிறிய சவால்' என்று சொல்ல வேண்டும்."

"நாயைச் சவால்னு சொன்னா அது கடிக்காம விட்டுருமா?"

"மதிப்பெண் குறைகிறது" என்றார் வரித்தலையார்.

கேட்பவர்களுக்கும் பாடம் இருந்தது. பேசுபவரின் கண்ணைப் பார்க்க வேண்டும். தலையை ஆட்ட வேண்டும். பேச்சு முடியும் வரை அசையவே கூடாது. பாதியில் எழுந்து போவது பண்பற்ற செயல்! மான்கள் பயபக்தியோடு தலையை ஆட்டின. கொம்பையா மற்றவர்களைவிட ஒரு மடங்கு கூடுதலாகவே ஆட்டினார்.

மறுநாளே நிஜமாக ஒரு நாய் வந்தது. வடிவு தொண்டைக்குள் வந்த கத்தலை விழுங்கினாள்.

"அனைவருக்கும் வணக்கம். எல்லாரும் நலமா? இன்னிக்குத் தண்ணி தெளிவா இருக்கு. நமக்கு முன்னால ஒரு சிறிய..."

நாய் பாய்ந்துவிட்டது. முயல் தப்பியது. அதன் வால் தப்பவில்லை. அன்று முதல் அந்த முயலுக்கு வால் என்று சொல்ல ஒரு பஞ்சு உருண்டைதான் மிச்சம்.

"ஆனால் தகவல் எவ்வளவு இனிமையாகச் சொல்லப்பட்டது, கவனித்தீர்களா?" என்றார் வரித்தலையார்.

மான்கள் தலையை ஆட்டின. முயல்கூட ஆட்டியது. பாவம், ஆட்டுவதற்கு அதனிடம் தலை மட்டும்தானே இருந்தது!

இதையெல்லாம் கோரைப்புல்லுக்குள் படுத்தபடி ஒருவன் கேட்டுக்கொண்டிருந்தான். சிறுத்தை. பல நாள் பட்டினி. அன்று சாயங்காலம் வரித்தலையார் தனியாக நீந்தும்போது அவன் கரைக்கு வந்தான்.

"சார், எனக்கும் கொஞ்சம் சொல்லிக் கொடுங்க. தொழில்ல முன்னேற்றமே இல்லை. நான் வந்தாலே எல்லாரும் போயிடுறாங்க. யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேச முடியலை."

ஆழத்தில் இருந்ததால் வரித்தலையாருக்குத் தைரியம் இருந்தது. "எப்படிப் போகிறாய் அவர்களிடம்?"

"பதுங்கிப் போவேன். அப்புறம் ஒரே பாய்ச்சல்."

"அதுதான் தவறு! அறிமுகமே செய்துகொள்ளாமல் பாய்ந்தால் யார் நிற்பார்கள்? நேராகப் போ. கண்ணைப் பார். பெயர் சொல். உன் பலம் என்ன, பலவீனம் என்ன என்று மனம் திறந்து பேசு. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஓரடி முன்னால் போ. நெருக்கம் உண்டாகும்!"

"நெருக்கம்தான் சார் எனக்கு வேணும்" என்றான் சிறுத்தை, கண்கலங்கி.

யாருக்குப் பாடம் சொல்கிறோம், எதற்குச் சொல்கிறோம் என்று வரித்தலையார் ஒரு கணமாவது யோசித்தாரா? இல்லை. மாணவர் எண்ணிக்கை கூடியதில் அவருக்கு ஒரே மகிழ்ச்சி.

பரீட்சை நாள் வந்தது. காலை வெயிலில் குளம் மினுங்கியது. வரித்தலையார் தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டிருந்த பாறையில் ஏறி நின்றார். தேறினால் கொடுப்பதற்கு ஒரு தாமரை இலை தயாராக இருந்தது. மான்கள் தண்ணீர் குடிக்க வந்தன. முன்னால் கொம்பையா. வடிவு மேட்டில் நின்றாள். சற்றுத் தள்ளி அவள் முட்டைகள். அதற்கும் அப்பால், எந்த நேரமும் வேலைக்குச் சேரத் தயாராக அந்தக் கொக்கு.

"தொடங்கலாம்" என்றார் வரித்தலையார்.

வடிவு திரும்பினாள். கரை வழியாகச் சிறுத்தை வந்துகொண்டிருந்தான். பதுங்கவில்லை. பட்டப்பகலில், பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி, நேராக வந்தான்!

"அனைவருக்கும் வணக்கம்" என்று தொடங்கினாள் வடிவு. "எல்லாரும் நலமா? இன்னிக்குக் காத்து இதமா இருக்கு..."

"வணக்கம்!" என்றான் சிறுத்தை. "என் பேரு சிறுத்தை. சொந்த ஊரு மலையடிவாரம்."

மான்களுக்குக் கால் பரபரத்தது. ஆனால் அவன் கண்ணைப் பார்த்துப் பேசுகிறானே! பேச்சின் நடுவில் எப்படிப் போவது? கொம்பையா தலையை ஆட்டினார். எல்லா மான்களும் ஆட்டின.

"நமக்கு முன்னால ஒரு சிறிய சவால்..." என்றாள் வடிவு.

"பேசுபவரை இடைமறிக்காதே! மதிப்பெண் குறையும்!" என்று கூவினார் வரித்தலையார்.

சிறுத்தை ஓரடி முன்னால் வைத்தான். "என் பலம், பொறுமை."

இன்னும் ஓரடி. "என் பலவீனம், மான்கறி."

"ஆகா! குறையை மறைக்காமல் சொல்கிறான் பாருங்கள்!" வரித்தலையாருக்குச் சிலிர்த்துவிட்டது.

சேற்றிலிருந்து பேச்சி, "இது என்ன கூத்து?" என்றது. எருமை பேச்சை யார் கேட்கிறார்கள்?

"அடுத்த அஞ்சு வருஷத்துல எங்க இருப்பேன்னு கேட்டா..." என்று சிறுத்தை கொம்பையாவை நெருங்கினான். "இதே குளத்துலதான். நல்லாக் கொழுத்து."

கொம்பையா தலையை ஆட்டினார். நாலு கால்களும் ஊன்றியபடி நின்றுவிட்டன. தலை மட்டும் நிற்கவில்லை.

வடிவு சிறுத்தையின் வாலைப் பார்த்தாள். அதுவரை ஆடிக்கொண்டிருந்த வால்நுனி நின்றுவிட்டது. எத்தனை காலைகள் இந்த மேட்டில் நின்றிருக்கிறாள்! வால் நின்றால் பாய்ச்சல் என்று அவளுக்குத் தெரியும்.

கத்தினால் பரீட்சை போகும். வேலை போகும். முட்டைகள் மேல் குளம்பு விழும். கத்தாவிட்டால், தலையாட்டிக்கொண்டே ஒருவர் செத்துப்போவார்.

"கீக்கீக்கீ! சிறுத்தை! இடது பக்கம்! வலது பக்க மேட்டுக்கு ஓடுங்க, அண்ணாச்சி!"

வெண்கலத் தொண்டை குளத்தையே உலுக்கியது. வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தக் கத்தலுக்குள் யார் வருகிறார், எங்கே நிற்கிறார், என்ன செய்ய வேண்டும் என்று எல்லாம் இருந்தது. கொம்பையாவின் தலை இன்னும் ஆடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் கால்கள் பிழைத்துக்கொண்டன. வலது மேட்டில் போய்த்தான் நின்றார்.

சிறுத்தை அந்தரத்தில் பாய்ந்து, மான் இருந்த இடத்தைத் தாண்டி, சேற்றில் பொத்தென்று விழுந்தான். சேற்றில் அல்ல, பேச்சியின் முதுகில்!

"ஏலே, எந்திரிலே!" என்றது பேச்சி. வணக்கம் இல்லை, நலம் விசாரிப்பு இல்லை. கொம்பால் ஒரு தூக்கு! சிறுத்தை பறந்துபோய் வரித்தலையாரின் பாறையில் விழுந்தான்.

மூக்கோடு மூக்கு. நெருக்கம் என்றால் அப்படி ஒரு நெருக்கம்!

"சார், நீங்க சொன்னபடிதான் செஞ்சேன். மான் கிடைக்கலை" என்றான் சிறுத்தை. வால்நுனி மறுபடி நின்றது.

"ஐயோ! கொல்றான்! கொல்றான்! காப்பாத்துங்க!" வரித்தலையார் தாமரை இலையைப் போட்டுவிட்டு அலறினார். பதற்றத்தில் சிறகு விரிய மறுத்தது.

வடிவு கீழே பாய்ந்து சிறுத்தையின் கண்ணுக்கு நேராகச் சிறகடித்தாள். ஒரு நொடி அவன் தடுமாறினான். அந்த ஒரு நொடியில் வரித்தலையார் மேலே எழுந்துவிட்டார். வாலில் நாலு இறகு மட்டும் சிறுத்தையின் வாயில் மிச்சம். பேச்சி எழுந்து நிற்பதைப் பார்த்ததும் சிறுத்தை இறகைத் துப்பிவிட்டு மலையைப் பார்த்து ஓடினான்.

வடிவு மூச்சு வாங்கியபடி மேலே பார்த்துக் கேட்டாள்.

"சார், முதல்ல வணக்கம்தானே சொல்லணும்?"

வடக்கே போக இன்னும் பருவம் வரவில்லை. ஆனாலும் வரித்தலையார் போய்விட்டார். இப்போது வேறு ஏதோ ஒரு குளத்தில் 'ஆபத்து நேரத்தில் பதறாமல் இருப்பது எப்படி' என்று வகுப்பு எடுப்பதாகக் கேள்வி.

கொம்பையா மேட்டிலிருந்து இறங்கி வந்தார். முட்டைகள் கிடந்த பக்கத்தைச் சுற்றிக்கொண்டு வந்தார்.

"வடிவு, நீ பரீட்சையில தேறலைம்மா" என்றார் மெதுவாக.

"தெரியும், அண்ணாச்சி."

"அதனாலதான் நான் உயிரோட நிக்கேன். கரையில நீயே இரு. நீ கத்துறதுதான் சரி."

கேட்டதும் வடிவு வாயை மூடிக்கொண்டு மகிழ்ந்திருக்கலாம். ஆனால் சரியில்லாததைச் சரி என்று சொன்னால் அவளுக்குப் பொறுக்குமா?

"அதுவும் சரி இல்லை, அண்ணாச்சி! சருகுக்கும் சிறுத்தைக்கும் ஒண்ணு போலக் கத்தினது என் தப்பு. இனிமே யாரு, எங்கன்னு சேர்த்தே கத்துவேன். ஆனா அதை நீங்க என் முகத்துக்கு நேராச் சொல்லியிருந்தா நான் ஒரே காலையில பழகியிருப்பேன். அதுக்கு ஏன் இமயமலை தாண்டினவரைக் கூப்பிட்டீங்க?"

கொம்பையா பழக்க தோஷத்தில் தலையை ஆட்டத் தொடங்கினார்.

"தலையை ஆட்டாதீங்க! பதில் சொல்லுங்க!"

கொம்பையா தலையை நிறுத்தினார். பிறகு அவள் பக்கம் திரும்பினார். "அன்னிக்கு எனக்கு வெக்கமாப் போச்சு, வடிவு. உன் குறையைச் சொல்ல வந்தா, பனைமட்டைக்கு நான் பயந்ததையும் சொல்லணுமே! அதான் சொல்லலை."

"இதோ சொல்லிட்டீங்களே! முழுசா ஒரு மூச்சுகூட ஆகலை!"

பேச்சி சேற்றில் மறுபடி படுத்துக்கொண்டு "ம்ம்" என்றது. கொக்கு வேறு வேலை தேடிப் பறந்தது.

சில நாள் கழித்து, கூழாங்கற்களுக்கு நடுவே முட்டைகள் விரிசல் விட்டன. ஈரத்தலையோடு முதல் குஞ்சு வெளியே வந்து, சுற்றிலும் பார்த்து, முதல் கத்தலைக் கத்தியது. எல்லா மான்களும் விறைத்து நின்றன.

"பனைமட்டை! வடக்குப் பக்கம்! யாரும் ஓட வேண்டாம்!"

நீதி: சொல்ல வேண்டியதை, சொல்ல வேண்டியவரிடம், காலம் கடப்பதற்குள் புரியும்படி சொல்வதுதான் பேச்சுத்திறன், ஆபத்தின் முன்னால் தலையாட்டி நிற்கச் சொல்லும் பண்பு சிறுத்தைக்கு மட்டுமே உதவும்.