அட்டை வரும்வரை ஒரு வேலையும் செய்யாதவர்கள்

கோணங்கிபட்டியிலிருந்து மூன்று பேர் வெளிநாட்டுக்கு இதழியல் படிக்கப் போனார்கள். இசக்கிமுத்து, ஜெரால்டு, பொன்ரேகா. மூன்று பேருக்கும் சேர்த்து மூளை எவ்வளவு என்று நான் சொல்லப்போவதில்லை. படித்தால் உங்களுக்கே தெரிந்துவிடும்.

படிப்பு முடிகிற நேரத்தில் கல்லூரி ஒரு நிபந்தனை வைத்தது. ஏதாவது ஒரு பத்திரிகையில் இன்டர்ன்ஷிப் போக வேண்டும், தங்கள் பேர் போட்டு ஒரு செய்தியாவது அச்சில் வர வேண்டும். வராவிட்டால் பட்டம் கிடையாது.

அவர்கள் படித்த ஊரில் 'பனிமுரசு' என்று ஒரு தமிழ் வாரப் பத்திரிகை இருந்தது. அதன் ஆசிரியர் கிருபாகரன் யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனுஷர். மூன்று பேரையும் சேர்த்துக்கொண்டார். இவர்களைப் பற்றி அவருக்கு அப்போது தெரியாது, பாவம்.

ஆனால் வெளிநாட்டு மாணவர்கள் வேலை செய்ய அரசாங்கத்தின் அனுமதி அட்டை வேண்டும். கல்லூரியில் அதைக் கவனிக்கும் கோகிலம் மேடம் நம்ம ஊர்க்காரர்தான். பச்சைத் தமிழில் தெளிவாகத்தான் சொன்னார்.

"அட்டை கைக்கு வர்ற வரைக்கும் நீங்க ஒரு வேலையும் செய்யக் கூடாது. சின்ன வேலைகூடக் கூடாது. செஞ்சீங்க, ஊருக்குப் பிளேன் ஏத்திருவாங்க. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது மேடம்" என்று மூவரும் சொன்னார்கள். அங்கேதான் வினை.

அறைக்கு வந்ததும் கதவை மூடிக்கொண்டு ஆலோசனை நடந்தது.

"ஏல ஜெரால்டு, வேலைன்னா எது எதுல்லாம்லே?" என்றான் இசக்கிமுத்து.

"சமையல் வேலை, வீட்டு வேலை. இது ரெண்டும் பேர்லயே இருக்கு. தொடக் கூடாது."

"சரி. தூங்கலாம்லா?"

ஜெரால்டு வெகுநேரம் யோசித்தான். "உங்க அப்பா உன்னய என்ன சொல்லி ஏசுவாரு?"

"உனக்குத் தூங்குறதே வேலையாப் போச்சும்பாரு."

"அப்ப தூக்கம் உனக்கு வேலைதாம்லே. பெத்தவரே சொல்லியிருக்காரு."

இசக்கிமுத்து முகம் செத்துப்போனது. "அப்படிப் பாத்தா உங்க அம்மை, திங்குறதே உனக்கு வேலைன்னு தெருவே கேக்கச் சொல்லுமே!"

"ஆமால்ல" என்று ஜெரால்டு கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தான்.

பொன்ரேகா கெக்கெக்கே என்று சிரித்தாள். இருவரும் பாய்ந்து அவள் வாயைப் பொத்தினார்கள். எந்நேரமும் பல்லைக் காட்டுவதே இவளுக்கு வேலை என்று அவள் அத்தை சொல்வது கோணங்கிபட்டிக்கே தெரியும்.

அன்றிலிருந்து இசக்கிமுத்து தூங்கவில்லை. பொன்ரேகா சிரிக்கவில்லை, சிரிப்பு வந்தால் துப்பட்டாவைக் கடித்துக்கொள்வாள். ஜெரால்டு தின்னவில்லை, விழுங்கினான். மெல்லாத வரைக்கும் அது தின்பதில் சேராது என்று பொன்ரேகா தீர்ப்புச் சொல்லியிருந்தாள். வாழைப்பழம் சுலபமாகப் போனது. முறுக்குதான் அவனைக் கொன்றுவிடப் பார்த்தது.

அட்டை வரும்வரை வேலைக்கு வர முடியாது என்று ஆசிரியரிடம் சொல்லிவிட்டு வரலாமென்று கிளம்பினார்கள். பேருந்து நிறுத்தத்தில் பொன்ரேகாவுக்கு ஒரு சந்தேகம்.

"எல, வகுப்புல என்ன சொல்லிக்குடுத்தாங்க? யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி. இதைக் கேக்குறதுதான் நிருபர் வேலைன்னாங்களா இல்லையா?"

"ஆமா."

"அப்ப பஸ் எங்க போகும்னு கேட்டா, நாம வேலை செஞ்சதா ஆயிராதா?"

மற்ற இருவரும் அவள் அறிவை நினைத்து மலைத்துப்போனார்கள். யாரையும் எதையும் கேட்காமல் முதலில் வந்த பேருந்தில் ஏறினார்கள். அது விமான நிலையத்துக்குப் போய் நின்றது. விமானத்தைப் பார்த்ததும் ஜெரால்டு ஓவென்று அழ ஆரம்பித்தான்.

"பிளேன் ஏத்திருவாங்கன்னு சொன்னாங்களே! எவம்ல வேலை செஞ்சது?"

"நான் இல்ல மக்கா, சத்தியமா இல்ல. லேசா ஒரு கொட்டாவிதான் விட்டேன்" என்றான் இசக்கிமுத்து.

ஓட்டுநர் பேருந்தைத் திருப்பினார். அதனால் இவர்களும் திரும்பினார்கள். இல்லாவிட்டால் இன்னும் அங்கேதான் உட்கார்ந்திருப்பார்கள்.

ஒருவழியாகப் பத்திரிகை அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது கிருபாகரன் தேத்தண்ணி, அதாவது நம்ம டீ, வாங்கக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"அட்டை வரேல்லையோ? அதுக்கென்ன. சும்மா இருங்கோ, நான் ஓடியாறன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சும்மா இருந்தார்கள். அப்படி ஒரு சும்மாவை அந்த ஊர் பார்த்ததில்லை.

அந்த நேரம் பார்த்து ஒரு திருடன் வந்தான். பேர் ரங்கதுரை, இவனும் நம்ம ஆள்தான். பின்னே, தமிழ்ப் பத்திரிகை ஆபீசில் திருட வேறு எவன் வருவான்? இவர்களைப் பார்த்து முதலில் திடுக்கிட்டான். யார் நீ, என்ன வேணும் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. தைரியம் வந்து, இருப்பதிலேயே பெரிய பிரிண்டர் எந்திரத்தைக் கட்டிப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தான்.

அந்தக் கதவு வெளியிலிருந்து தள்ளினால் திறக்கும். உள்ளேயிருந்து திறக்கச் சுவரில் ஒரு பொத்தானை அமுக்க வேண்டும். அவனுக்கோ இரண்டு கையிலும் எந்திரம். கீழே வைத்தால் மறுபடி தூக்க முடியாது, அவ்வளவு கனம்.

"தம்பி, அந்தப் பொத்தானைக் கொஞ்சம் அமுக்குப்பா."

"தப்பா நினைக்காதீங்கண்ணே. எங்களுக்கு அனுமதி இல்ல" என்றான் இசக்கிமுத்து.

"ஒரு விரல்ல அமுக்குற வேலைதானே தம்பி!"

"பாத்தியா, வேலைன்னு அவரே சொல்லுதாரு" என்று ஜெரால்டு காதைப் பொத்திக்கொண்டான்.

"முதுகு போகுதும்மா! நீயாச்சும் அமுக்கும்மா!"

பொன்ரேகாவுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. துப்பட்டாவில் பாதி அவள் வாய்க்குள் இருந்தது.

ரங்கதுரை கெஞ்சினான், திட்டினான், கடைசியில் எந்திரத்தோடு அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டான். எந்திரம் மடியில். எழ முடியவில்லை. தேத்தண்ணியோடு திரும்பிய கிருபாகரன் கண்ணாடிக் கதவு வழியாக இதைப் பார்த்துவிட்டுப் போலீசைக் கூப்பிட்டார். வந்தவர் அந்த நாட்டுப் போலீஸ்காரர், தமிழ் ஒரு வார்த்தைகூடத் தெரியாது. கிருபாகரன் பூரித்துப்போய் மூன்று பேரையும் கட்டிப் பிடித்தார்.

"நல்ல வேலை செய்தனியள் பிள்ளையள்!"

மூன்று பேருக்கும் ரத்தமே சுண்டிவிட்டது.

"செத்தோம்ல. போலீசு முன்னாடியே வேலைன்னு சொல்லிட்டாரு."

"அதுலயும் நல்ல வேலையாம். சும்மா இருந்ததுக்குப் போயி இப்படி ஒரு பழியா!"

இசக்கிமுத்து அழுதுகொண்டே இரண்டு கையையும் விலங்குக்கு நீட்டினான். போலீஸ்காரர் அதைப் பிடித்துக் குலுக்கி வாழ்த்துச் சொல்லிவிட்டு, ரங்கதுரையை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்.

சில நாளில் அட்டை வந்தது. கோகிலம் மேடம் கையில் கொடுத்ததும் இசக்கிமுத்து நின்றபடியே குறட்டை விட்டான். ஜெரால்டு மேடத்தின் சாப்பாட்டு டப்பாவைக் காலி செய்தான். பொன்ரேகா சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் ஒரே மூச்சில் சிரித்ததில் காவலாளி ஓடி வந்துவிட்டார்.

அங்கிருந்து நேராகக் கிருபாகரனிடம் போனார்கள்.

"நல்லதாப் போச்சு. நாளைக்குப் பேப்பர் அச்சுக்குப் போகுது. அதுதான் உங்கட படிப்புத் தவணைக்குக் கடைசிப் பேப்பர், விட்டால் பட்டம் இல்லை. அந்தக் கள்ளனைப் பற்றி எழுதித் தாங்கோ, மூண்டு பேரின்ர பேரையும் போடுறன்" என்றார் அவர்.

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அது அட்டைக்கு முன்னாடி பாத்ததுல்லா சார்" என்றாள் பொன்ரேகா. "எழுதினா அனுமதி இல்லாத வேலையாயிரும். அட்டைக்குப் பின்னாடி புதுசா ஒருக்கா நடந்தாத்தான் எழுத முடியும்."

கிருபாகரன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

போலீஸ் ரங்கதுரையை எச்சரித்து விட்டிருந்தது. அவன் பக்கத்துத் தெருவில்தான் குடியிருந்தான். மூவரும் போய்க் கதவைத் தட்டினார்கள்.

"அண்ணே, இன்னைக்கு ஒருக்கா வந்து திருடிட்டுப் போங்கண்ணே. எங்களுக்குப் பட்டம் போயிரும்."

"ஐயோ, ஆளை விடுங்கப்பா! இனிமே அந்த வேலையே செய்யக் கூடாதுன்னுட்டாங்க. செஞ்சா ஊருக்குப் பிளேன் ஏத்திருவாங்களாம்!"

மூன்று பேரும் உருகிப்போனார்கள். இந்தக் கஷ்டம் அவர்களுக்குத் தெரியாதா?

"அடப் பாவமே" என்று ஜெரால்டு அவன் தோளைத் தொட்டான். "இதை முதல்லயே சொல்லக் கூடாதாண்ணே?"

ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், கோகிலம் மேடம் மேசைக்கு முன்னால் நிறுத்தினார்கள். மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"யார் இவரு? என்ன வேணும்?"

"அட்டைதான் மேடம்" என்றான் இசக்கிமுத்து. "அண்ணன் திருட்டுல இருக்காரு. அனுபவம்லாம் நிறைய இருக்கு, அனுமதிதான் இல்ல. நாளைக்குள்ள தந்திருங்க."