குழந்தைசாமிக்கு ஒரு ஜோடிக் கண்

“அக்கா, என்னால முடியலீங்க. நான் மில்லுக்கே திரும்பிப் போயர்றேன்.”

சென்னியப்பன் ஸ்டுடியோ வாசலில் நின்றபடியே சொன்னான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

கோகிலவாணி லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

“உள்ள வாங்க சார்.”

ஒன்று சொல்லிவிடுகிறேன். அவனுக்கு நாற்பது தாண்டிவிட்டது. அவளுக்கு முப்பதுதான். ஆனாலும் அவன் அவளை அக்கா என்பான், அவள் அவனை சார் என்பாள். அவன் அவளிடம் கற்றுக்கொள்ள வந்த நாளிலிருந்து அப்படித்தான்.

காங்கயம் பக்கம் படம் எடுக்கக் கற்க வேண்டுமென்றால் அவளிடம்தான் போகணும். கற்றுக்கொடுப்பாளா என்றால், அதெல்லாம் கிடையாது. கூடவே கூட்டிக்கொண்டு போவாள். புரிந்தால் புரியட்டும், இல்லாவிட்டால் போகட்டும் என்று விட்டுவிடுவாள்.

சென்னியப்பன் மில் ஆபீஸில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவன். மாதம் பிறந்தால் சம்பளம், தீபாவளிக்கு போனஸ், தலைக்கு மேலே ஃபேன். அத்தனையையும் விட்டுப்போட்டு ஒரு கேமராவைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான். ஊரே சிரித்தது. நானும்தான் சிரித்தேன்.

“முதலாளி இன்னைக்கு அஞ்சு மணி வரைக்கும் பாப்பாராமுங்க. அதுக்குள்ள போயி நின்னா பழைய சீட்டு. இல்லீன்னா வேற ஆளைப் போட்டுருவாராம்.”

“யாரு சொன்னாங்க?”

“வசந்தாமணிதானுங்க.”

வசந்தாமணி அவன் சம்சாரம்.

“என்னைக் கேக்காமயே நேத்து மில்லுக்குப் போயி, கால்ல விழாத குறையாக் கேட்டுட்டு வந்துருக்குதுங்க.”

“திட்டுனாங்களா?”

“திட்டுனாத்தான் தேவலியேங்க. சோத்தைப் போட்டுட்டு என்ற மூஞ்சியப் பாக்காமயே போயிருதுங்க.”

கோகிலவாணி லென்ஸை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். மறுபடியும் துடைத்தாள்.

“கல்யாணத்துக்குப் போனா, மாப்பிள்ளையோட பெரியம்மா வந்து எம்பட மூஞ்சி ஏன் இத்தனை கறுப்பா இருக்குதுன்னு சண்டைக்கு நிக்கறாங்க. காதுகுத்துக்குப் போனா, அந்தத் தூக்கநாய்க்கன்பாளையத்துக்காரன் இதவிட நல்லா எடுப்பான்னு எங்காதுபடவே பேசறாங்க. மில்லுல ஒரே முதலாளிங்க அக்கா. இப்பப் பந்தல்ல இருக்கற அத்தன பேரும் முதலாளி.”

“ம்.”

“எனக்குள்ள என்னமோ இருக்குதுன்னு நெனச்சு வந்தேனுங்க. ஒண்ணுமே இல்லீங்க. இருந்துருந்தாலும் அது செத்துப்போச்சு. அதச் சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தேன்.”

சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. பாவம், அவளிடமிருந்து ஒரு ஆறுதல் வார்த்தை வரும் என்று எதிர்பார்த்திருப்பான் போல.

அந்நேரம் பார்த்து பைக்கில் ஒருத்தர் வந்து நின்றார்.

“அம்மிணி, நம்ம குழந்தைசாமி தவறிட்டாரு. வெய்யில் தாழ எடுக்கறாங்க. ஒரு படம் வேணுமாம்.”

கோகிலவாணி பையைத் தோளில் மாட்டினாள்.

“பின்னால வேட்டிய விரிச்சுப் புடிக்க ஆள் வேணுமுங் சார். வாங்க.”

“அக்கா, நான் சொன்னதுக்கு…”

“மில்லு அஞ்சு மணிக்குத்தானே? எழவு வீடு போற வழிதான்.”

போனான். வேறென்ன செய்வான்?

குழந்தைசாமி போர்வெல் லாரி ஓட்டியவர். வருஷத்தில் பாதி நாள் ஒரிசா, ராஜஸ்தான் என்று போய்விடுவார். பந்தலுக்கு வெளியே அவர் உடலை ஒரு நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். கடையில் வாங்கிய புதுச் சட்டை, மடிப்புக்கூடக் கலையவில்லை. படத்துக்காக நெற்றிக் காசை எடுத்து, தாடைக்கட்டை அவிழ்த்தார்கள்.

வீட்டில் அவர் படம் ஒன்றுகூடக் கிடையாது. செல்போனில் கேமரா வராத காலம் அது. மனுஷன் கேமராவைக் கண்டாலே நழுவிவிடுவார். வாக்காளர் அட்டையில் இருப்பது அவரா, பக்கத்து வீட்டுக்காரரா என்று அவர் சம்சாரம் பாவாயிக்கே சந்தேகம்.

சென்னியப்பன் வேட்டியைப் பிடித்தான். கோகிலவாணி படம் எடுத்தாள்.

“கண்ணத் தொறந்த மாதிரி பண்ணிக் குடுங்க அம்மிணி,” என்றாள் பாவாயி. “மூடுன கண்ணோட செவுத்துல மாட்டி வெச்சுட்டு நான் எப்படி அந்த வீட்டுல இருப்பேன்?”

இதெல்லாம் நடக்கிற காரியம்தான். ஆனால் செத்தவர் கண்ணைப் படத்தில் திறக்க வேண்டுமென்றால் உயிரோடிருக்கிற ஒருத்தர் கண் வேண்டும். அதைப் படமெடுத்து, கம்ப்யூட்டரில் வெட்டி, இவர் முகத்தில் வைப்பார்கள்.

கோகிலவாணி குழந்தைசாமியின் தம்பியைப் பார்த்தாள்.

தம்பி இரண்டடி பின்னால் போனார்.

“நல்லா இருக்குதே! மாலை போட்டுத் தொங்கற படத்துக்குள்ளிருந்து நானே பாத்துட்டு இருக்கோணுமா? ஆள விடுங்க!”

மச்சினன் காதில் விழாத மாதிரி பாடைத் தேர் கட்டுகிற பக்கம் போய்விட்டார். ஒவ்வொருத்தராக நழுவினார்கள்.

“எங்கண்ண வெய்யுங்க,” என்றாள் பாவாயி. அழுது அழுது இரண்டும் வீங்கிக் கிடந்தன.

“உங்களது ஆகாதுங்க்கா,” என்று சொல்லிவிட்டு கோகிலவாணி திரும்பினாள். “சார், நீங்க உக்காருங்க.”

“நானா?”

“உங்களுக்கும் அவர மாதிரியே சின்னக் கண்ணு.”

அதே வெளிச்சம் வேண்டும் என்றாள். குழந்தைசாமியை நாற்காலியோடு தூக்கி எதிரே பந்தலுக்குள் வைத்தார்கள். அவர் இருந்த இடத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு சென்னியப்பன் உட்கார்ந்தான். நடுவில் கேமராவோடு கோகிலவாணி.

எடுத்தாள். பார்த்தாள். அழித்தாள்.

“கண்ணுல உயிர் பத்தல சார்.”

அவன் கண்ணை அகட்டினான்.

“முழிக்காதீங்க. பாருங்க.”

“பாத்துட்டுத்தானுங்க இருக்கறேன்.”

“இல்லீங்.”

மறுபடி எடுத்தாள். மறுபடி அழித்தாள்.

“இதுக்கு எங்கண்ணன் கண்ணே தேவலாம் போல,” என்றார் தம்பி. எழவு வீட்டிலும் நான்கைந்து பேர் சிரித்துவிட்டார்கள்.

தேர் தயார் என்று யாரோ கத்தினார்கள். மணி நாலரையைத் தாண்டிவிட்டது.

சென்னியப்பனுக்கு மானம் போய்விட்டது. பாதி எழுந்துவிட்டான்.

“என்னை விட்ருங்க அக்கா. வசந்தாமணி மில்லு வாசல்ல வந்து காத்துட்டு நிக்கும். எங்கிட்ட இல்லீங்க. இல்லாதத எங்கிருந்து எடுப்பீங்க?”

அவள் கேமராவைக் கண்ணிலிருந்து இறக்கவில்லை.

எதிரே பாவாயி எழுந்து புருஷன் பக்கத்தில் போனாள். சட்டையைச் சரிசெய்தாள். காலருக்குள் விரலை விட்டு எதையோ தேடினாள். கடையில் சட்டையை மடித்துக் குத்திய குண்டூசி, எடுக்காமலேயே போட்டுவிட்டிருக்கிறார்கள். அதை மெல்ல உருவி எடுத்தாள். பிறகு ஊசி இருந்த இடத்தில், அவர் கழுத்தில், கட்டைவிரலால் தடவிக்கொடுத்தாள். குத்தியிருக்குமே என்று தடவுகிற தடவல் அது.

பந்தல் ஓலை இடுக்கில் இறங்கிய வெய்யில் சரியாக அந்தக் கையின் மேல் விழுந்தது.

சென்னியப்பன் மறுபடி உட்கார்ந்தான். உட்கார்ந்தது அவனுக்கே தெரியாது. மூச்சை நிறுத்தினான். முழங்கால் மேலிருந்த வலதுகைச் சுட்டுவிரல், கேமரா பொத்தானை அமுக்குவதுபோல், தானாக அழுந்தியது.

கேமரா சத்தம் கேட்டது.

“போதுமுங் சார். வந்துருச்சு.”

திரையைத் திருப்பிக் காட்டினாள். அவன் பார்த்தான். அதில் இருந்தவனை அவனுக்கு நன்றாகத் தெரிந்தது. ரொம்ப நாளாகக் காணோம் என்றிருந்தவன்.

சந்தோஷப்பட்டான் என்று நினைத்துவிடாதீர்கள். முகம் செத்துவிட்டது. அப்படியே மண்ணில் குத்தவைத்து உட்கார்ந்து, தலையில் கை வைத்து, ஓவென்று அழுதான். எழவு வீடு, அதனால் யாரும் ஏனென்று கேட்கவில்லை.

“இல்லாமயே போயிருந்தா நிம்மதியா மில்லுக்குப் போயிருப்பேனுங்களே அக்கா! வசந்தாமணிகிட்ட நான் என்னன்னு போயிச் சொல்லுவேன்? இந்தக் கண்ண வெச்சுக்கிட்டு அந்த சீட்டுல எப்படிங்க உக்காருவேன்?”

“உக்கார முடியாதுங் சார்.”

கழுத்திலிருந்த கேமராவைக் கழற்றி அவன் கையில் கொடுத்தாள்.

“அழுகறத அப்பறம் வெச்சுக்கலாம். அந்தக்கா அவரு கழுத்துல இருந்து கைய எடுக்கறதுக்குள்ள படம் எடுங்க.”