காற்று பிரிந்ததா?

குருவுக்கு வயது நாற்பத்தாறு. சீடருக்கு அறுபத்திரண்டு.

குருவின் பெயர் சிற்றம்பலம். மடத்தில் எல்லோருக்கும் அவர் ஐயா. சீடர் பொன்னுரங்கம், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். மடத்தின் சாவிக்கொத்தும் ஐயாவின் மரியாதையும் அவர் பொறுப்பில் இருந்தன. சாவிக்கொத்தையாவது எப்போதாவது கீழே வைப்பார்.

ஒரு நாள் பேசிக்கொண்டிருக்கும்போதே ஐயா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். ஆஸ்பத்திரியில் குடல் முறுக்கிக்கொண்டது என்றார்கள். டாக்டரம்மா ரஹ்மத் அன்றைக்கே வயிற்றைத் திறந்து, கருத்துப்போன இரண்டு சாண் குடலை வெட்டி எடுத்துவிட்டு, இரு முனைகளையும் சேர்த்துத் தைத்தார்.

மயக்கம் தெளிந்ததும் ஐயா சொன்ன முதல் சொல் "அம்மா". அடுத்தது "வலிக்குதே". பிறகு அதையே உரக்கச் சொன்னார்.

பொன்னுரங்கம் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினார். வெளியே பூவும் பழமுமாக இருபது பேர் நின்றார்கள்.

"ஐயா எப்படி இருக்காங்க?"

"நிஷ்டையில இருக்காங்க" என்றார்.

டாக்டர் அவரைத் தனியே கூப்பிட்டார். "சொட்டுத் தண்ணிகூட கொடுத்துடாதீங்க சார். குடலைக் கையால தொட்டாலே அது தூங்கிப்போயிடும். முழிக்கிற வரைக்கும் வயித்துக்குள்ள எதுவும் போகக் கூடாது."

"எப்போ முழிக்கும்?"

"அதுக்குத்தான் தெரியும்."

"முழிச்சது நமக்கு எப்படித் தெரியும்?"

"காத்து பிரியும்."

பொன்னுரங்கத்துக்குப் புரிந்தது. புரியாமல் இருந்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டார்.

நர்ஸ் ஜெபக்கனிக்கு இப்படிப்பட்ட சங்கடம் எதுவும் கிடையாது. குரலும் கொஞ்சம் பெரிது. வரும்போதெல்லாம் கட்டிலருகில் நின்று, "ஐயா, காத்து பிரிஞ்சிட்டா?" என்று கேட்பார். ஐயா இல்லை என்று தலையசைப்பார். பொன்னுரங்கம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

இரண்டாம் நாள், பக்தர்கள் இரண்டு இரண்டு பேராக வாசலில் நின்று பார்த்துப் போகலாம் என்று அனுமதி கிடைத்தது. ஒரு தம்பதி வில்வ மாலையோடு நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஐயா வலி ஊசியின் மயக்கத்தில் கண்மூடிக் கிடந்தார். சரியாக அந்நேரம் ஜெபக்கனி வந்தார்.

"ஐயா, காத்து பிரிஞ்சிட்டா? சத்தம் எதும் வந்துச்சா? சின்னதாவாவது?"

வாசலில் நின்ற அம்மாள் தலையைக் குனிந்துகொண்டார். அவர் கணவர் தொண்டையைச் செருமினார்.

பொன்னுரங்கம் துள்ளி எழுந்தார். "ஆச்சு, ஆச்சு. எல்லாம் ஆச்சு."

"எப்போ?"

"காலையிலயே."

ஜெபக்கனி அதைக் கட்டிலில் தொங்கிய அட்டையில் குறித்துக்கொண்டு போனார்.

பொய் சொன்ன பிள்ளைகளை முப்பத்தைந்து வருடம் பெஞ்சு மேல் ஏற்றிய மனிதர் அவர். அன்று சொன்னது பொய் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. மரியாதை என்றுதான் தோன்றியது.

அட்டையில் எழுதியதற்கு ஆஸ்பத்திரியில் தனி மதிப்பு உண்டு. வயிற்று நீரை வெளியேற்ற மூக்கில் விட்டிருந்த குழாயை எடுத்தார்கள். தண்ணீர் கொடுக்கலாம் என்றார்கள். மறுநாள் இளநீர் கொடுக்கலாம் என்றார்கள். பொன்னுரங்கம் கரண்டி கரண்டியாக ஊட்டினார். "இன்னும் கொஞ்சம்" என்றார் ஐயா. இன்னும் கொஞ்சம் கொடுத்தார்.

நான்காம் நாள் காலையில் வயிறு மத்தளமாக வீங்கியிருந்தது. ஐயா பச்சையாக வாந்தி எடுத்தார். மூக்கில் மறுபடி குழாய் ஏறியது. டாக்டர் ரஹ்மத் வந்து வயிற்றை அழுத்திப் பார்த்தார். அட்டையைப் படித்தார். முகம் மாறிவிட்டது.

"முந்தாநாள் காத்து பிரிஞ்சிருக்கு. முழிச்ச குடல் மறுபடி அடைச்சிருக்குன்னா உள்ளே தையல்ல கோளாறு. ஸ்கேன்லயும் தெளிவாத் தெரியல. மதியம் திறந்து பார்த்துடலாம்."

"மறுபடியுமா?"

"மறுபடிதான். உடம்பு தாங்குமான்னு மட்டும் என்னைக் கேட்காதீங்க சார்."

அவர் ஐயாவின் பக்கம் குனிந்தார். "ஐயா, அன்னைக்குக் காத்து நல்லா பிரிஞ்சுதா?"

ஐயா குழாயோடு மெதுவாகப் பேசினார். "எனக்கு நினைவில்ல தாயி. ஊசி மயக்கம். சார்வாள்தான் கூட இருந்தாரு. அவரைக் கேளுங்க. பொய் சொல்ல மாட்டாரு."

எல்லோரும் பொன்னுரங்கத்தைப் பார்த்தார்கள். அறையில் டாக்டர், நர்ஸ். வாசலில் பக்தர்கள். கட்டிலில் ஐயா.

"பிரியல" என்றார் பொன்னுரங்கம்.

"என்ன சார்?"

"பிரியலம்மா. ஒரு தடவைகூட பிரியல. நான்தான் அப்படிச் சொன்னேன்."

"ஏன்?"

"ஐயாவைப் போய், நாலு பேர் முன்னால, அப்படிக் கேக்கலாமான்னு..."

ஜெபக்கனி நெற்றியில் கை வைத்தார்.

"உங்க ஒரு வார்த்தையை நம்பி அவர் வயித்தை மறுபடி கிழிக்க இருந்தேன் சார்" என்றார் டாக்டர்.

பொன்னுரங்கம் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தார்.

டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை வயிற்றில் வைத்து ஒரு நிமிடம் முழுதாகக் கேட்டார். "ஒரு சத்தமும் இல்ல. அப்போ இது இன்னும் முழிக்கவே இல்ல. மதியம் வேண்டாம். சாயங்காலம் வரைக்கும் பார்ப்போம். அப்பவும் முழிக்கலேன்னா திறந்துதான் ஆகணும்."

அவர் போனதும் ஜெபக்கனி பொன்னுரங்கத்திடம் வந்தார். "அரை மணிக்கு ஒருக்கா வயித்துல காதை வச்சுக் கேளுங்க சார். கேட்டதைச் சொல்லுங்க. கேக்காததைச் சொல்லாதீங்க."

சீடராக இருந்த ஒன்பது வருடத்தில் பொன்னுரங்கம் ஐயாவின் பாதங்களைத் தவிர வேறெதையும் தொட்டதில்லை. தயங்கித் தயங்கிக் குனிந்தார். கட்டுக்குப் பக்கத்தில் காதை வைத்தார். வேர்வையும் மருந்தும் கலந்த வாடை. வெதுவெதுப்பான தோல். அதற்குள்ளே ஒன்றுமே இல்லை.

"என்ன கேக்கு?" என்றார் ஐயா.

"ஒண்ணும் கேக்கல ஐயா."

"நல்லாக் கேளுங்க. நான் வாயால பேசுறப்போ நீங்க ஒரு நாளும் இவ்வளவு கிட்ட வந்ததில்ல."

அரை மணி கழித்து மறுபடி வைத்தார். ஒன்றும் இல்லை.

"ஐயா, என்னை மன்னிக்கணும்."

"எதுக்கு?"

"தண்ணி கொடுத்ததுக்கு."

"தாகமா இருந்துச்சு. கொடுத்தீங்க. குடிச்சேன்."

பொன்னுரங்கம் நான்கு நாட்களாக உள்ளே அறுத்துக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டார்.

"உடம்பு நாம இல்லன்னு சொல்வீங்களே ஐயா. அன்னைக்கு அப்படிக் கத்தினீங்க."

"நாம இல்லன்னு சொன்னேன். வலிக்காதுன்னு சொன்னேனா?"

"சாயங்காலம் மறுபடி திறக்கணும்னா?"

"திறப்பாங்க."

"உங்களுக்குப் பயமா இல்லையா?"

"இருக்கு. கையைக் கொஞ்சம் பிடிச்சுக்கிடுங்க."

பொன்னுரங்கம் பிடித்துக்கொண்டார். பிடித்தபடியே ஐயா தூங்கிப்போனார்.

மணி ஒன்று. மணி இரண்டு. டாக்டர் இருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். வாசலில் பக்தர்கள் கண்ணை மூடி ஏதேதோ முணுமுணுத்தார்கள். கெட்டிக்கார டாக்டர், இத்தனை பக்தர்கள், ஊரே கும்பிடும் குரு. அத்தனை பேரும் ஒரு குடலின் வாசலில் காத்துக் கிடக்கிறோம் என்று பொன்னுரங்கம் நினைத்தார். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

மூன்றரை மணிக்குக் காதை வைத்தபோது, எங்கோ தூரத்தில், உலை கொதிப்பதற்குச் சற்று முன்னால் அடியிலிருந்து வருமே ஒரே ஒரு குமிழி, அதுபோல ஒரு சத்தம்.

தன் காதுதான் என்று நினைத்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டார். மறுபடி ஒன்று. பிறகு இரண்டு சேர்ந்தாற்போல. பிறகு ஒரு நீண்ட ஓட்டம், வலப்புறத்திலிருந்து இடப்புறம், தைத்த இடத்தைத் தாண்டி.

யாரும் அதை எழுப்பவில்லை. வெட்டுப்பட்டு, தைக்கப்பட்டு, நான்கு நாள் செத்ததுபோல் கிடந்தது. இப்போது தானாக எழுந்து தன் வேலையைப் பார்க்கப் புறப்பட்டுவிட்டது. பொன்னுரங்கத்துக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. எந்தச் சன்னிதியிலும் அவருக்கு அப்படி ஆனதில்லை. காதை எடுக்க மனம் வராமல் அப்படியே கிடந்தார். கண்ணீர் வழிந்து கட்டின் ஓரம் நனைவதைப் பார்த்துத்தான் தலையைத் தூக்கினார்.

ஐயா தூக்கத்தில் லேசாக ஒருக்களித்தார். காற்று பிரிந்தது. நீளமாக, நிதானமாக, யாருக்கும் கூச்சப்படாமல் பிரிந்தது.

பொன்னுரங்கம் எழுந்து நின்று இரண்டு கைகளையும் தலைக்கு மேல் குவித்தார். அடுத்த கணம் செருப்புகூடப் போடாமல் வராந்தாவுக்கு ஓடினார்.

"பிரிஞ்சிட்டு! ஐயாவுக்குக் காத்து பிரிஞ்சிட்டு!"

மைக் இல்லாமல் அறுநூறு பிள்ளைகளுக்கு எட்டிய குரல் அது. பக்தர்களில் வில்வ மாலை கொண்டுவந்த அம்மாள்தான் முதலில் கைகூப்பினார். பிறகு எல்லோரும் கூப்பினார்கள். பக்கத்து அறையில் யாரோ கைதட்டினார்கள்.

ஜெபக்கனி ஓடி வந்தார். "நிசமாவா சார்?"

"என் காதால கேட்டேன் தாயே."

டாக்டர் வந்து ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். கேட்கக் கேட்க முகம் இளகியது. கண்ணை ஒரு நிமிடம் மூடித் திறந்தார்.

"இனி திறக்க வேண்டாம்" என்றார். "எத்தனை தடவை கேட்டாலும் எனக்கு இது பழகவே மாட்டேங்குது சார். தைக்கிறதோட என் வேலை முடிஞ்சுபோகுது."

இந்த அமளியில் ஐயா விழித்துக்கொண்டார். "என்ன சத்தம்?"

பொன்னுரங்கம் கட்டிலின் கால்மாட்டில் தரையோடு தரையாக விழுந்தார். "பிரிஞ்சிட்டு ஐயா. எல்லாம் உங்க தவம்."

"எந்திரிங்க சார்வாள். நான் என்னத்தைச் செஞ்சேன்? தூங்கிட்டில்ல இருந்தேன்."

பொன்னுரங்கம் எழுந்தார்.

ஐயா ஜெபக்கனியிடம் கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தச் சொன்னார். வலியில் முகத்தைச் சுளித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். ஊசி குத்தியிருந்த கையையும் மற்றக் கையையும் மெல்லச் சேர்த்து, தலைமையாசிரியரைப் பார்த்துக் கும்பிட்டார்.

"அது முழிச்சப்போ பக்கத்துல இருந்தது நீங்கதான். கேட்டதைச் சொல்லுங்க சார்வாள், நான் கேக்கேன்."