கடல் பிரிச்ச தவளை

மேற்கு மலைக்கு அடியில ஒரு ஊரு. அந்த ஊர்ல ஒரு பொண்ணு இருந்தா, குருவம்மான்னு பேரு. அவளுக்கு ஒரே ஒரு அண்ணன், இருளப்பன். அம்மாவும் அப்பாவும் சின்னதுலயே போய்ச் சேந்துட்டாங்க. அண்ணன்தான் அவளுக்குத் தலை பின்னி விட்டான், அண்ணன்தான் சோறு பெசஞ்சு ஊட்டுனான். ம் கொட்டு, அப்பதான் நீ முழிச்சிருக்கேன்னு தெரியும்.

ஆங். அப்புறம் குருவம்மா பெரிய பொண்ணாயிட்டா. அவளுக்குப் புடிச்ச ஒருத்தன், பக்கத்து ஊர்க்காரன், அவங்க அப்பா அம்மாவோட பொண்ணு கேட்டு வந்தான். இருளப்பனுக்கு அவனைப் புடிக்கல. வாசல்ல நின்னவங்களை உள்ள வாங்கன்னு கூடச் சொல்லல, அப்படியே திருப்பி அனுப்பிட்டான். அந்தப் பையனும் பாவம், வேற எடத்துல கட்டிக்கிட்டான்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டியாண்ணே?"ன்னா குருவம்மா.

"உன்னை எதுக்குக் கேக்கணும்?"னான் இருளப்பன்.

அவ்வளவுதான். அந்த ஒரு பேச்சு, வீட்டுக்கு நடுவுல விழுந்த வெடிப்பு மாதிரி ஆயிருச்சு. இந்தப் பக்கம் அவ, அந்தப் பக்கம் இவன். சோறு போடுவா, பேச மாட்டா. சாப்பிடுவான், ஏறிட்டுப் பாக்க மாட்டான். அப்புறம் அண்ணனுக்குக் கல்யாணமாச்சு, அண்ணி வந்தா, மாரீஸ்வரி. அப்போ குருவம்மா ஒரு பைக்குள்ள நாலு சேலையைத் திணிச்சுக்கிட்டுக் கெளம்பிட்டா. எங்க போறேன்னு சொல்லல.

எங்க போனா தெரியுமா? விர்ர்ர்ருன்னு பிளேன் ஏறி, நடுக்கடல்ல இருக்கற செஷல்ஸுங்கற தேசத்துக்கு. எல்லாம் தீவுதான். அங்க நம்ம ஊர் கொத்தனாருங்க கட்டட வேலைக்குப் போவாங்க. அவங்களுக்குப் பொங்கிப் போடற வேலை இவளுக்கு.

காலையில தடதடன்னு இட்லி, சட்னி. எல்லாரும் லாரியில ஏறிப் போயிருவாங்க. அப்புறம் அந்தக் கொட்டகையில அவ ஒருத்திதான். ஙொய்ய்னு ஒரு ஈ. அடுப்பைப் பாத்துப் பேசுவா. "என்ன, இன்னைக்குச் சரியா எரிய மாட்டேங்கற?"ம்பா. கொத்தனாருங்க வருவாங்க, வேலை முடிஞ்சதும் ஊருக்குப் போயிருவாங்க, வேற ஆளுங்க வருவாங்க. யாரு போனாலும் இவ மட்டும் அங்கயே இருப்பா. கடைத்தெருவுல ஒரு தமிழ்க் குடும்பம் கடை வச்சிருந்துச்சு. ஆசையா ஓடிப்போய்ப் பேசுனா. அந்தக் கடைக்காரர் கைகூப்பி "வணக்கம்"னாரு. அதுக்கு மேல அவருக்குத் தமிழே வரல. அவங்க தாத்தாவோட தாத்தா காலத்துல வந்தவங்களாம்.

ம்? தூங்கிட்டியா? இல்லையா? சரி.

இப்படியே வருஷம் ஓடிருச்சு. அரைகொறையா அந்த ஊர் பாஷை வந்துச்சு. ஒருநா மத்தியானம் கொழம்புல போடற பட்டை எலை பறிக்க மலை மேல ஏறுனா. அங்க பட்டை மரம் காடா மொளைச்சுக் கெடக்கும். மஞ்சு மூடியிருக்கு, எலையில இருந்து சொட்டு சொட்டுன்னு தண்ணி. அப்போ பாத்தா, மண்ணுல ஒரு பொம்பளை குப்புறப் படுத்துக் கெடக்கா!

"ஐயோ! விழுந்துட்டாளே!"ன்னு குருவம்மா ஓடுனா.

அந்தப் பொம்பளை தலையைத் தூக்கி, "ஷ்ஷ்ஷ்!"னா.

கீச்.

எலைக் குப்பைக்குள்ள இருந்து ஒரு சத்தம். குனிஞ்சு பாத்தா, சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு தவளை.

அந்தப் பொம்பளை பேரு ஒடெத். அந்தத் தீவுக்காரி, இவ வயசுதான் இருக்கும். மலையிலயே குடிசை போட்டுத் தனியா இருந்துக்கிட்டு அந்தத் தவளைங்களை எண்ணறதும் அதுங்க சத்தத்தைக் கேக்கறதும்தான் அவ வேலை. "நீ எந்த ஊரு?"ன்னு கேட்டா. இவ சொன்னா. ஒடெத் சடார்னு எழுந்து உக்காந்துட்டா.

"மேற்கு மலையா? மண்ணுக்குள்ளயே இருக்குமே ஒரு தவளை, பாத்திருக்கியா?"

"பன்னி மூஞ்சித் தவளையா? எங்க ஓடைக்கரையில உண்டே. கத்திரிக்கா நெறத்துல உப்பலா இருக்கும். வருஷம் பூரா மண்ணுக்குள்ள கெடக்கும். ஐப்பசி மழைக்கு மட்டும் வெளிய வரும்."

"இதோ இருக்கே, இதுக்கு உலகத்துலயே நெருங்கின சொந்தம் அதுதான்."

குருவம்மா சிரிச்சுட்டா. "அது கைப்பிடி அளவு, இது நகம் அளவு. அதுவும் இவ்வளவு கடலைத் தாண்டியா? உப்புத் தண்ணி பட்டா தவளை செத்துருமே!"

"தவளை தாண்டல. நெலம் நகந்துச்சு"ன்னா ஒடெத்.

நெலம் எப்படி நகரும்னு கேக்கறியா? நகம் வளருது பாரு, பாத்துக்கிட்டே இருந்தாலும் தெரியாது. அப்படித்தான். ஒடெத் சொன்னதைச் சொல்றேன், கேளு. மனுஷப் பூண்டே இல்லாத காலத்துல ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, தெக்க இருக்கற பனி தேசம், நம்ம நெலம், அந்தத் தீவு எல்லாம் ஒண்ணா ஒட்டிக்கிட்டு ஒரே தரையா இருந்துச்சு. தவளை ஒரு கோடியில இருந்து மறு கோடிக்குத் தத்தித் தத்தியே போயிரலாம். அப்புறம் விரிசல் விட்டுச்சு. ஆப்பிரிக்கா ஒரு பக்கம் ஒதுங்குச்சு. பனி தேசம் தெக்க போய், அது மேல இருந்த காடெல்லாம் வெறைச்சுச் செத்துப்போச்சு. மடகாஸ்கர்னு ஒரு துண்டு கழண்டுச்சு. கடைசியில நம்ம நெலமும் அந்தத் தீவும் மட்டும் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. அப்போ பூமிக்குள்ள இருந்து நெருப்புக் கொழம்பு குபுகுபுகுபுன்னு பொங்குச்சு. அதோட அந்த ஒட்டும் விட்டுப்போச்சு.

நம்ம நெலம் வடக்க வடக்கன்னு போய், ஆசியா மேல முட்டுச்சு. முட்டுன எடம் மடிஞ்சு மடிஞ்சு எழும்புனதுதான் இமயமலை. அந்தப் பக்கத்துல இருந்து புதுசு புதுசா மிருகமெல்லாம் உள்ள வந்துச்சு. பழைய உசுருங்க நெறைய அழிஞ்சுபோச்சு. பன்னி மூஞ்சித் தவளை மட்டும் பறபறன்னு மண்ணைத் தோண்டி உள்ள போய் ஒளிஞ்சுக்கிச்சு.

"அப்போ இந்தத் தீவு?"ன்னா குருவம்மா.

"இது எங்கயும் போய்ச் சேரல. நடுக்கடல்ல நின்னுருச்சு. முக்காவாசி முழுகிப்போச்சு. மலை உச்சி மட்டும்தான் தண்ணிக்கு மேல."

குருவம்மா அந்தக் குட்டித் தவளையையே பாத்தா. அப்புறம், "யாரு யாரை விட்டுட்டுப் போனது?"ன்னு கேட்டா.

"யாரும் யாரையும் விடல. அடியில சூடு. அந்தச் சூட்டுல நகந்துபோச்சு."

அப்புறம் ஒடெத் கேட்டா, "உங்க ஊர்த் தவளை சத்தத்தை நான் கேட்டதே இல்ல. உங்க வீட்டுல யாராவது போன்ல கேக்க வைப்பாங்களா?"

அது ஐப்பசி மாசம். விட்டா அடுத்த வருஷம்தான்.

குருவம்மாவுக்கு அண்ணன் நம்பர் மறக்கல. போட்டா. ட்ரிங் ட்ரிங்னு அடிச்சுக்கிட்டே இருந்துச்சு, யாரும் எடுக்கல. மறுநாள் திரும்பப் போட்டா. மாரீஸ்வரி எடுத்து, "யாருங்க?"ன்னா. இவ டப்புன்னு வச்சுட்டா. மூணாந்தடவை மலை மேல, ஒடெத் பக்கத்துல உக்காந்துக்கிட்டுப் போட்டா. எடுத்தாங்க. பேச்சில்ல. மூச்சு மட்டும் கேக்குது. அந்த மூச்சு யாருதுன்னு அவளுக்குத் தெரியாதா?

"அண்ணே."

"...ம்."

"ஓடையில பன்னி மூஞ்சித் தவளை கத்துதா?"

 அப்புறம், "இதைக் கேக்கவா கூப்ட்ட?"

"ஆமா."

"இரு."

சரக் சரக்குன்னு செருப்புச் சத்தம். "மழையில எங்க போறீக?"ன்னு மாரீஸ்வரி குரல். கதவு கிறீச்சுங்குது. அப்புறம் ஓடை, சோன்னு. அவன் மண்டி போட்டு, போனை ஈர மண்ணு மேல வச்சான்.

கொர்ர்ர்... கொக். கொக். கொக். கொர்ர்ர்...

ஒடெத் ரெண்டு கையாலயும் வாயைப் பொத்திக்கிட்டா. குருவம்மா மெதுவா அந்த போனை எலைக் குப்பைக்குப் பக்கத்துல கொண்டுபோனா. கீச், கீச்னு அந்த நகத்தளவுத் தவளை அது பாட்டுக்குக் கத்துச்சு. நிறுத்தல, திரும்பல.

"கேக்குதா இதுக்கு?"ன்னா.

ஒடெத் இல்லன்னு தலையை ஆட்டுனா. "இதுக்குக் காதுச் சவ்வே கெடையாது. வாயாலதான் கேக்கும். அதுவும் தன் எனத்தோட சத்தம்தான் கேக்கும். அந்தச் சத்தம் இதுக்கு எட்டாது."

எவ்வளவு காலமாச்சு, பாவம். சொந்தம் கூப்புடுது, காதுல விழல.

குருவம்மா போனை எடுத்துத் தன் காதுல வச்சா.

"கேட்டுச்சா?"ன்னான் இருளப்பன்.

"எனக்குக் கேட்டுச்சுண்ணே."

"எங்க இருக்க?"

"கடலுக்கு நடுவுல, ஒரு தீவுல."

"...சாப்பாடெல்லாம்?"

"நான்தான் எல்லாருக்கும் பொங்கறேன்."

"ம்"னான். அப்புறம், "மழை வலுக்குது"ன்னான்.

"நனையாத, வீட்டுக்குப் போ."

"போறேன்."

போகல. அவளுக்குக் கேக்குதே, மழை அவன் மேல பொத்துப் பொத்துன்னு விழறது. இவளும் வைக்கல. தீவுலயும் தூத்தல் போட ஆரம்பிச்சுச்சு. ஒடெத் மெல்ல எழுந்து குடிசைக்குப் போயிட்டா.  போன் சூடாயி, தானா அணைஞ்சு போற வரைக்கும் அவ அந்த மழையைக் கேட்டுக்கிட்டே இருந்தா.

ஊருக்குத் திரும்பிப் போனாளான்னா? போகல. அங்கயேதான் இருந்தா. ஆனா வருஷா வருஷம் ஐப்பசி மொத மழைக்கு அந்த போன் அடிக்கும். எடுத்துக் காதுல வைப்பா. "அண்ணே"ன்னு மட்டும் சொல்லுவா. மத்ததெல்லாம் மழைதான் பேசும்.

கதை இங்க நின்னுருச்சு, கண்ணு. நீ கண்ணை மூடு.