‘முதலை இங்கே’ என்று கத்திய குரங்கு

அலையாத்திக் காட்டில் ஒரு முதலை இருந்தது. பெயர் பல்லழகர். அவர் எந்த ஓடையில் படுத்திருக்கிறார் என்று தெரியாமல் யாரும் தண்ணீரில் கால் வைக்க மாட்டார்கள்.

அதற்காகவே விலங்குகள் ஓர் இணையதளம் வைத்திருந்தன. ‘முதலை எங்கே?’ என்று பெயர். கிளைகளில் நிற்கும் கொக்குகள் தகவல் அனுப்பும். எங்கோ நகரத்தில் வாடகைக்கு எடுத்த லினக்ஸ் சர்வர் ஒன்று அதைக் காட்டும். நீர்நாய் உமிரி தினமும் தண்ணீர் வடியும் வேளையில் போனைத் திறந்து பார்ப்பாள். முதலை வேறு ஓடையில் இருந்தால்தான் குட்டிகளை அக்கரைக்கு இறால் பிடிக்க அனுப்புவாள்.

சர்வரைப் பார்த்துக்கொண்டது இரண்டு பேர். ஒருவன் தொங்கலான் என்ற குரங்கு. இன்னொருத்தி காலிச் சங்குக்குள் குடியிருக்கும் சோழி என்ற நண்டு. தொங்கலானுக்குக் கை படுவேகம். யோசனைதான் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வரும்.

பல்லழகர் சில நாட்களாகப் பட்டினி. ஒரு நாள் காலையில் குரங்கைக் கூப்பிட்டார்.

“தம்பி தொங்கலா! உங்க சர்வர்ல தளத்தைக் காட்டுற வெப்சர்வர் மென்பொருள் ரொம்பப் பழசாமே? ஓட்டை வேற இருக்காமே? திருட்டுப் பயலுக உள்ளே புகுந்துட்டா?”

“உங்களுக்கு யாரு சொன்னா அண்ணே?”

“காடே சிரிக்குது தம்பி! நீ நெனச்சா இன்னைக்குத் தண்ணி வடியறதுக்குள்ள புதுசைப் போட்டு முடிச்சிர மாட்டே?”

அவ்வளவுதான், தொங்கலானுக்குத் தலைகால் புரியவில்லை. நம்மைத் தின்னக் காத்திருப்பவருக்கு நம் சர்வர் மேல் ஏன் இத்தனை அக்கறை என்று கேட்டிருக்கலாம். அந்த மடையன் கேட்கவில்லை.

“ஓட்டை இருக்கறது உண்மைதான். மாத்தத்தான் வேணும்” என்றாள் சோழி. “ஆனா இப்ப வேணாம்பா, உமிரி பிள்ளைங்க கடக்குற நேரம். மொதல்ல எல்லாத்தையும் ஒரு நகல் எடு. இன்னொரு சின்ன சர்வர்ல புதுசைப் போட்டு, நம்ம தளம் அதுல வருதான்னு சோதிச்சுப் பாரு. நான் சங்கு மாத்தும்போது புதுச் சங்கைப் பக்கத்துல இழுத்து வச்சு, உள்ளே காலை விட்டுத் துழாவிப் பாத்துட்டுத்தான் பழசை விடுவேன். அம்மணமா மணல்ல நின்னுக்கிட்டு வீடு தேட மாட்டேன்!”

“நீ சங்கு மாத்தறதுக்குள்ள பௌர்ணமி வந்துடும்! தள்ளு!”

இடம் சுத்தமாக இருக்கட்டும் என்று பழைய மென்பொருளை அதன் அமைப்புக் கோப்புகளோடு அடியோடு அழித்தான். புதியதைப் போட்டான். தளத்தைத் திறந்தான். ‘வருக! உங்கள் வெப்சர்வர் வெற்றிகரமாக நிறுவப்பட்டது!’ என்று பளிச்சென்று வந்தது.

“பாத்தியா!” என்று ஒரு குட்டிக்கரணம் போட்டான்.

“வருக எல்லாம் சரி. முதலை எங்கே?” என்றாள் சோழி.

தொங்கலான் மேலே பார்த்தான், கீழே பார்த்தான். திரையில் எங்கும் முதலை பேரைக் காணோம். புது மென்பொருள் எல்லாருக்கும் காட்டுகிற வரவேற்புதான் அது. எந்தத் தளத்தைக் காட்ட வேண்டும் என்று அதற்குச் சொல்லும் கோப்பைத்தான் அவன் அழித்துவிட்டானே!

“பழசைத் திரும்பப் போடு!” என்றாள் சோழி.

“எங்கேயிருந்து போட? நகல்தான் எடுக்கலியே!”

அதே நேரம் கரையில் உமிரி போனைப் பார்த்தாள். “‘வருக’ன்னு மட்டும் இருக்கு, முதலை பேரையே காணோம். இன்னைக்கு அது காட்டுலயே இல்ல போல. போங்க பிள்ளைங்களா!”

குட்டிகள் துள்ளிக்கொண்டு இறங்கின. அதே ஓடையில் பல்லழகர் வாயைத் திறந்து வைத்திருந்தார்.

குட்டிகள் நினைப்பு வந்ததும் தொங்கலான் ஓடைப் பக்கம் ஓடினான். கிளைக்குக் கிளை தாவினான். கீழே தண்ணீரில் பல்லழகரின் திறந்த வாய் தெரிந்தது. “உமிரி அக்கா! முதலை இங்கதான் இருக்கு! உங்க ஓடையிலதான்!”

குட்டிகள் அலறிக்கொண்டு கரையேறின. பல்லழகர் பாய்ந்தார். தாழ்ந்த கிளையில் தொங்கிய குரங்கின் வால்தான் அகப்பட்டது. தொங்கலான் உயிரைக் கொடுத்து இழுத்துக்கொண்டான். முதலைக்குக் கிடைத்தது வாய் நிறைய முடி.

உமிரி குட்டிகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு கை நிறையச் சேற்றை அள்ளிக் குரங்கின் மேல் எறிந்தாள். “தளம் திரும்பி வர்ற வரைக்கும் நீதான் தளம்!”

சோழி கோப்புகளை நினைவிலிருந்து ஒவ்வொன்றாக எழுதினாள். அதுவரை பல்லழகர் போன இடமெல்லாம் தொங்கலானும் மரத்துக்கு மரம் போனான். “முதலை இங்கே! முதலை இங்கே!” தொண்டை வறண்டு நிறுத்தினால் போதும், கீழேயிருந்து யாராவது கத்துவார்கள்: “தொங்கலா, ரீஃப்ரெஷ்!”

“தூங்க விடு தம்பி!” என்று பல்லழகரே கெஞ்சினார்.

“எல்லாம் நீங்க சொன்ன அப்டேட்தான் அண்ணே!”

கடைசியில் சோழி வந்தாள். “இன்னொரு சர்வர்ல புதுசு நல்லா வேலை செய்யுது. மாத்திடவா?”

தொங்கலானுக்குக் காற்றுதான் வந்தது, குரல் வரவில்லை. “சோழி... முதலை பேரு வருதா? நகல் எடுத்தியா? எதுக்கும் இன்னொரு தடவை சோதிச்சுடேன். அதுவரைக்கும் நான் கத்திக்கிட்டு இருக்கேன்!”

புதியது சரியாக வேலை செய்கிறதா என்று சோதித்துப் பார்க்காமல் பழையதை அழிப்பவன், தன் அவசரத்துக்கு அடுத்த வீட்டுப் பிள்ளைகளைப் பணயம் வைக்கிறான்.